செவிவழிச் செய்தியும் ஐந்தரைக் கட்டையும்

பத்திரிகைத் தொழிலில் 'செவிவழிச் செய்தி' என்பது ஏறக்குறைய ஒரு வசைச்சொல். ஆசிரியபீடத்தில் நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே செய்தி ஆசிரியர் என் பிரதியைத் திருப்பித் தந்து, "கேட்டதை எழுதாதையும் தம்பி, உறுதிப்படுத்தினதை எழுதும்" என்றார். முப்பது வருடங்களுக்கு மேலாக அந்த அறிவுரையின்படியே பிழைப்பு நடத்தியவன் நான். அப்படிப்பட்டவன் ஐம்பத்து மூன்றாவது வயதில், காதால் கேட்டதை மாத்திரமே நம்பி ஒரு வாத்தியத்தைப் பழகத் தொடங்கினேன் என்றால் நண்பர்கள் சிரிப்பதில் வியப்பில்லை. சிரித்தவர்களுக்கு ஒரு பதில் சொல்லவேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். இக்கட்டுரை அந்தப் பதில்தான். ஆனால், எழுதத் தொடங்கிய பின்னர்தான் இது என் பொழுதுபோக்கைப் பற்றிய விடயம் மாத்திரம் அல்ல என்பது எனக்கே விளங்கியது.

2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டமை வாசகர்களுக்கு நினைவிருக்கும். எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை. பத்திரிகைத் தாள் கிடைக்காமல் பக்கங்கள் குறைந்த காலம். அந்த நாட்களில் வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இருந்த ஒரு குடும்பம் வெளிநாடு போகும் அவசரத்தில் வீட்டுப் பொருட்களை விற்றுக்கொண்டிருந்தது. எவரும் வாங்காமல் மூலையில் கிடந்தது அறுபத்தொரு கட்டைகள் கொண்ட ஒரு பழைய கீபோர்ட். மின்சாரம் இல்லாவிட்டாலும் ஆறு பெரிய பற்றறிகள் போட்டால் அது வேலை செய்யும் என்றார்கள். வாங்கிக்கொண்டு படியேறி வந்தபோது மனைவி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இஞ்சேருங்கோ, வீட்டிலை காஸ் இல்லை, நீங்கள் பெட்டி வாங்கிக்கொண்டு வாறியள்" என்றார். அவர் 'பெட்டி' என்று சொன்னது என்னைக் குத்தியது. அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் இந்தக் கதை இருக்கிறது.

எங்கள் பெரியப்பா வலிகாமத்தில் ஒரு சங்கக்கடையில் மனேச்சராக இருந்தவர். பகலில் சீனியும் மாவும் நிறுப்பார். கோயில் திருவிழாக் காலங்களில் இரவிரவாக நடக்கும் இசை நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசிப்பார். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் 'அரிச்சந்திர மயான காண்டம்' யாழ்ப்பாணத்தின் ஊர்களையெல்லாம் கட்டிப்போட்டிருந்த காலம் அது. அந்த அலையில் எழுந்த எத்தனையோ சிறு குழுக்களில் ஒன்றில்தான் பெரியப்பா இருந்தார். அவருக்குக் குரு என்று ஒருவர் இல்லை. சுரம் எழுதிய தாளை அவர் பார்த்ததும் இல்லை. மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே பழகியவர். நடிகர் எந்தச் சுருதியில் எடுத்தாலும், இரண்டு விநாடியில் கட்டையைப் பிடித்துவிடுவார். நாடகம் முடிந்து, விடிவதற்குச் சற்று முன்னர், சனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பும் நேரத்தில் அவர் ஒரு மெட்டு வாசிப்பார். அதற்குப் பாட்டு வரிகள் இருந்தனவா என்பது எனக்குத் தெரியாது. அரைத் தூக்கத்தில் அதைக் கேட்டுக்கொண்டு, தகப்பனின் தோளில் வீடு போன பிள்ளைகளில் நானும் ஒருவன்.

1990 இல் வடக்கில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள் ஆயிற்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட சமூகம் நாங்கள். அந்த ஐந்து வருடங்களும் எங்கள் வீட்டில் எந்தத் தடையாலும் நிறுத்த முடியாத ஒரே இசை, துருத்தியை அமுக்கினால் ஒலிக்கும் அந்த ஆர்மோனியம்தான். பெரியப்பா 1993 இல் காலமானார். 1995 ஒக்ரோபர் முப்பதாம் திகதி இரவு வலிகாமமே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, பெட்டியைப் பழைய வேட்டியில் சுற்றி அலுமாரியின் மேல் வைத்துவிட்டு வந்தோம். மறு வருடம் திரும்பிப் போனபோது அலுமாரி இருந்தது, பெட்டி இல்லை. யார் எடுத்தார் என்று வீட்டில் எவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அதைவிடப் பெரிய இழப்புகள் எல்லோரிடமும் இருந்தன.

பெரியப்பாவின் வாசிப்பில் ஒரு நிமிடமேனும் ஒலிப்பதிவாக எங்களிடம் இல்லை. அந்த விடியப்புற மெட்டு எனக்குப் பாதிதான் நினைவிருந்தது. மீதியைத் தேடவேண்டும் என்பதற்காகத்தான் நான் அந்தக் கீபோர்டை வாங்கினேன். இதை அன்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

இனி விடயத்துக்கு வருவோம். ஐம்பது கடந்த ஒருவர் காதால் கேட்டு வாத்தியம் பழகுவது பற்றி நம்மவர் மத்தியில் மூன்று ஆட்சேபனைகள் உள்ளன. மூன்றையும் நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன்.

முதலாவது, "இந்த வயதிலை காது பிடிக்குமோ?" என்பது. இது பாதி உண்மையைச் சுமந்துகொண்டு திரியும் ஒரு பொய். எந்த ஒலியையும் கேட்டவுடனே அது இன்ன சுரம் என்று வேறு ஆதாரமின்றிப் பெயர் சொல்லும் ஆற்றல், சிறுவயதிலேயே பயிற்சி தொடங்கியவர்களிடமே பெரும்பாலும் காணப்படுகிறது. அது நமக்கு இனிமேல் கிடைக்கப்போவதில்லை. ஆனால், வாத்தியம் வாசிக்க வேண்டியது அந்த ஆற்றல் அல்ல. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரம் எவ்வளவு தூரம் ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று அறிந்தால் போதும். அதை எந்த வயதிலும் பழகலாம். முதுமையில் செவிப்புலன் குறைவது உண்மைதான். ஆனால், அந்தக் குறைவு மிக உயர்ந்த அதிர்வெண்களில்தான் முதலில் தொடங்குகிறது. கீபோர்டின் நடுவில் உள்ள 'சி' கட்டையின் அதிர்வு விநாடிக்கு ஏறத்தாழ 262. அறுபத்தொரு கட்டைக் கீபோர்டின் ஆகக் கூடிய சுரமே ஏறத்தாழ 2,093 தான். மனிதர்கள் பாடும் மெட்டுகள் எல்லாம் இதற்கு உள்ளேயே அடங்கிவிடுகின்றன. தொலைபேசியில் பேரப்பிள்ளையின் குரலை அடையாளம் காணக்கூடிய காது, ஒரு மெட்டைப் பிடிக்கவும் போதுமானது.

இரண்டாவது ஆட்சேபனை சங்கீதம் தெரிந்தவர்களிடமிருந்து வருவது. "கட்டையில் கமகம் வருமா?" என்கிறார்கள். இது நியாயமான கேள்வி. ஆர்மோனியம் 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் உருவாகி, கல்கத்தாவில் ஒரு கையால் துருத்தி இயக்கும் வடிவம் பெற்று நமது மேடைகளுக்கு வந்தது. சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்ல அதனால் முடியாது என்பதையும், அதன் சுருதி நமது இசைக்குப் பொருந்தாது என்பதையும் காரணங்காட்டியே அகில இந்திய வானொலி 1940 இல் அதைத் தடைசெய்தது. அந்தத் தடை 1971 இல்தான் தளர்ந்தது. கீபோர்டும் இதே குற்றத்தைச் செய்கிறது. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக்கி, ஒவ்வொரு கட்டையும் முந்தியதைவிட ஏறத்தாழ 1.0595 மடங்கு அதிர்வு கொண்டதாக அதை அமைத்திருக்கிறார்கள். இயற்கையாக இனிக்கும் அந்தர காந்தாரத்தைவிடக் கீபோர்டின் காந்தாரம், ஓர் அரைச்சுரத்தின் நூறு கூறில் பதினான்கு கூறு கூடுதலாக நிற்கிறது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பழந்தமிழரின் சுரங்களை அலகு அலகாகக் கணித்து, தம் வாழ்வின் இறுதி ஆண்டான 1947 இல் வெளியிட்ட 'யாழ் நூல்' படித்தவர்களுக்கு இந்தச் சமபங்கு எவ்வளவு முரட்டுத்தனமானது என்பது விளங்கும்.

ஆகவே, கீபோர்டில் தோடியைப் பூரணமாக வாசிக்கலாம் என்று நான் வாதாடப்போவதில்லை. சுருதியை வளைக்கும் சக்கரத்தைப் பயன்படுத்திக் கச்சேரியே செய்யும் சென்னைக் கலைஞர் கே. சத்யநாராயணன் போன்றவர்கள் விதிவிலக்குகள். நம்மைப் போன்றவர்களுக்குக் கீபோர்ட் ஒரு கச்சேரி வாத்தியம் அல்ல, ஒரு தேடற்கருவி. அகராதியில் கவிதை இல்லை என்று அகராதியை யாரும் எறிவதில்லை. வயலினில் ஒரு சுரம் சரியாக நிற்கவே மாதக்கணக்கில் பாடுபடவேண்டும். கீபோர்டிலோ அமுக்கியவுடனே சுரம் நிற்கிறது. சரியா பிழையா என்ற கேள்வி மாத்திரமே நமக்கு மிஞ்சுகிறது. பிந்தித் தொடங்கியவனுக்கு அது பெரிய சலுகை.

மூன்றாவது ஆட்சேபனை, "முறைப்படி படிக்காமல் என்ன வாசிப்பு?" என்பது. இதற்குத்தான் நான் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

நமது சமூகத்தில் இசை என்றால் பரீட்சை. தரம் ஒன்று, தரம் இரண்டு என்று ஏறி, சான்றிதழைச் சட்டம்போட்டு மாட்டுவதில் முடிகிறது பலருடைய சங்கீதம். பரீட்சைகளை நான் குறை கூறவில்லை. போரின் நடுவிலும் வடக்கில் இசைக்கல்வி அறுந்துபோகாமல் இருந்ததற்கு அவையும் ஒரு காரணம். ஆனால், பாடத்திட்டத்துக்குள் வராதது இசையே அல்ல என்ற எண்ணம் எப்படியோ நமக்குள் புகுந்துவிட்டது. 'கேள்வி ஞானம்' என்ற சொல்லையே இன்று "அவருக்கு வெறும் கேள்வி ஞானம்தான்" என்று குறைத்துச் சொல்லத்தான் பயன்படுத்துகிறோம். திருவள்ளுவர் நாற்பதாவது அதிகாரத்தில் கல்வியை வைத்தார். நாற்பத்தோராவதில் கல்லாமையை வைத்தார். அதற்கு அடுத்ததாகவே கேள்வியை வைத்தார். கல்லாதவனுக்கும் கதவு திறந்திருக்கிறது என்பதே அந்த வரிசையின் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நமது செவ்வியல் இசையே அந்தக் கதவால் வந்ததுதான். 1835 இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சுப்பராம தீட்சிதர் விரிவான சுரக்குறிப்புடன் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யாக அச்சேற்றியது 1904 இல். அதுவரை அவற்றைக் காப்பாற்றியவை பெரும்பாலும் வாயும் காதுமே. கடல் கடந்தும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் புகழ்பெற்ற பாடலாசிரியரும் இசையமைப்பாளருமான ஏர்விங் பேர்லினுக்குச் சுரக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. கறுப்புக் கட்டைகளிலேயே, நமது கணக்கில் நாலரைக் கட்டையில் மாத்திரம் வாசிப்பார். வேறு சுருதி வேண்டுமென்றால் விசைப்பலகையை நகர்த்தி மாற்றும் விசேட பியானோ ஒன்றை வைத்திருந்தார். அதை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பாடல்களை ஆக்கி, 1989 இல் நூற்றொரு வயதில் மறைந்தார்.

எழுத்தறிவு வேண்டாம் என்பதல்ல என் கட்சி. எங்கள் தொடர்மாடியில் மேற்கத்திய இசையில் எட்டாம் தரம் சித்தியடைந்த ஓர் இளம்பெண் இருக்கிறார். விரல் வைக்கும் முறையை அவரிடம்தான் பழகினேன். பெருவிரலை மற்ற விரல்களுக்குக் கீழால் கொண்டுபோய் ஏறவேண்டும் என்பதைக் காது ஒருபோதும் சொல்லித்தராது. தானாகப் பழகினால் பிழையான பழக்கம் படிந்துவிடும் என்று அவர் எச்சரித்தது முற்றிலும் சரி. ஆனால், ஒரு மாலை அவர் எங்கள் வீட்டில் மிக அழகாக ஒரு பாடலை வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. பற்றறி இருந்ததால் கீபோர்ட் நிற்கவில்லை. அவர் நின்றுவிட்டார். "என்ன பிள்ளை?" என்றேன். "தாள் தெரியேல்லை அங்கிள்" என்றார். எனக்குத் தெரிந்த இரண்டே இரண்டு பாட்டுகளை நான் இருட்டில் தட்டித் தடவி வாசித்தேன். நான் வென்றதாக இதைச் சொல்லவில்லை. அவர் ஒரு தாளைப் பார்த்தவுடன் வாசிப்பதை நான் இந்தப் பிறவியில் வாசிக்கமாட்டேன். ஆனால், அன்று முதல் அவரும் வாரத்தில் ஒரு நாள் தாளை மூடிவைத்துவிட்டு வாசிக்கிறார். மேற்கத்திய இசைப் பரீட்சைகளிலேயே செவிப்பயிற்சிக்கு என்று ஒரு பகுதி உண்டு. நம்மவர்கள் அதைப் புள்ளிக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

இன்றைய ஆபத்து தாள் அல்ல, திரை. யூரியூப்பில் எந்தப் பாட்டைத் தேடினாலும், நிறக்கோடுகள் மேலிருந்து மழைபோல் விழுந்து, எந்தக் கட்டையை எப்போது அமுக்கவேண்டும் என்று காட்டுகின்றன. நானும் அதில் மூன்று மாதம் மினைக்கெட்டேன். நான்கு பாட்டுகள் வாசித்தேன். ஒரு வாரம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது நான்கும் போய்விட்டன. கண் பார்த்து விரல் செய்தது, காதுக்கு அதில் வேலையே இருக்கவில்லை. தாளில் எழுதிய இசையைப் படிக்கப் பழகியவன் ஒரு மொழியைக் கற்கிறான். திரையைப் பார்த்து அமுக்குபவன் ஒன்றையும் கற்பதில்லை.

அப்படியானால் எப்படித்தான் பழகுவது என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் ஆயிரம் தடவை கேட்ட ஒரு பாட்டைத் தெரிவுசெய்யுங்கள். இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இதில் பஞ்சமில்லை. கட்டையைத் தொடுவதற்கு முன்னர் அதை வாயால் முணுமுணுத்துப் பாருங்கள். வாயில் வராதது விரலில் வராது. பிறகு அந்தப் பாட்டு எந்தச் சுரத்தில் வந்து இளைப்பாறுகிறது என்று தேடுங்கள். அதுதான் ஆதார சட்சம். அதைப் பிடித்தபின் ஒரு நேரத்தில் மூன்று சுரங்களுக்கு மேல் தேடவேண்டாம். ஏறுகிறதா, இறங்குகிறதா, பக்கத்துக் கட்டையா, தாண்டிப் பாய்கிறதா என்ற நான்கு கேள்விகள் போதும். பிழையான கட்டையில் விரல் விழுந்தால் பதறவேண்டாம். பெரும்பாலும் சரியான கட்டை அதன் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கும். பாட்டு முழுவதும் வந்தபின், வேறொரு கட்டையைச் சட்சமாக வைத்துக்கொண்டு அதையே மீண்டும் தேடுங்கள். அங்கும் வந்தால்தான் மெட்டு உங்களுடையது. இல்லாவிட்டால் விரலின் நடனத்தை மாத்திரம் மனனம் செய்திருக்கிறீர்கள். நாளுக்கு இருபது நிமிடம் போதும். ஆனால், நாள்தோறும் வேண்டும்.

இப்படித் தேடியதில் நான் கண்ட ஓர் அதிசயத்தையும் சொல்லவேண்டும். நமது பாடகர்கள் சுருதியைக் 'கட்டை' என்றுதான் சொல்வார்கள். ஒரு கட்டை என்றால் 'சி'. அரைக் கணக்கில் வருபவை எல்லாம் கறுப்புக் கட்டைகள்: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. வெள்ளையைத் தொடாமல் இந்த ஐந்தையும் மாத்திரம் வாசித்துப் பாருங்கள். நாலரையைச் சட்சமாகக் கொண்டு ஏறினால் மோகனம். ஐந்தரையிலிருந்து ஏறினால் மத்தியமாவதி. ஆறரையிலிருந்து இந்தோளம். ஒன்றரையிலிருந்து சுத்த சாவேரி. இரண்டரையிலிருந்து சுத்த தன்யாசி. ஐந்து கட்டைகளில் ஐந்து இராகங்கள். சங்கீத சாத்திரத்தில் இதற்குக் கிரகபேதம் என்று பெயர். தமிழிசை ஆய்வாளர்கள் பண்ணுப் பெயர்த்தல் என்பார்கள். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் புத்தகத்தில் வாசித்து விளங்காமல் விட்டதை, ஐம்பத்து நான்கு வயதில் விரலால் தடவிக் கண்டபோது, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த அறிவுதான் பின்னர் எனக்குத் தடையாகவும் வந்தது. பெரியப்பாவின் விடியப்புற மெட்டைத் தேடினேன். முதற்பாதி ஐந்தரைக் கட்டையில் சட்சம் வைத்தபோது கறுப்புக் கட்டைகளிலேயே அப்படியே வந்து நின்றது. ஆகா, மத்தியமாவதி! கச்சேரியை மங்களமாக முடிக்கப் பாடும் இராகம். இரவு நாடகத்தை முடித்துவைக்க அவர் அதைத் தெரிவுசெய்ததில் எவ்வளவு பொருத்தம் என்று மகிழ்ந்துபோனேன். மீதிப் பாதியையும் அந்த ஐந்து கட்டைகளுக்குள்ளேயே ஒரு வருடமாகத் தேடினேன். வரவில்லை. எப்படி வாசித்தாலும் இலக்கணம் சரியாக இருந்தது, ஆனால் பெரியப்பா இல்லை.

கடைசியில், கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் பெரியப்பாவின் மூத்த மகளுக்கு, எங்கள் அக்காவுக்கு, தொலைபேசி எடுத்தேன். அவருக்கு எழுபது கடந்துவிட்டது. விடயத்தைச் சொன்னதும் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "நீ இன்னும் அதை மறக்கேல்லையோடா தம்பி" என்றார். "எனக்குப் பாட வராது, சிரிக்கப்படாது" என்று சொல்லிவிட்டு, நடுங்கும் குரலில் மெட்டை முழுவதுமாக இழுத்தார். நான் கீபோர்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டேன். மத்தியமத்திலிருந்து இறங்கி வரும்போது ரிஷபத்தில் நின்று, சற்றே மேலெழும்பி ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு, மீண்டும் ரிஷபத்துக்கு வந்து சட்சத்தில் அமர்ந்தது அந்த மெட்டு. தொட்ட சுரம் கறுப்பில் இல்லை. ஆறரைக் கட்டைக்கும் மேல் ஒன்றரைக்கும் நடுவே இரண்டு வெள்ளைக் கட்டைகள் உண்டு. அவற்றில் முதலாவது. சாதாரண காந்தாரம். ஒரு வருடமாக நான் கைவைக்காத கட்டை.

அது மத்தியமாவதி அல்ல. பிருந்தாவன சாரங்காவின் சாயல் இருப்பதாகச் சங்கீதம் தெரிந்த நண்பர் ஒருவர் சொன்னார். பெரியப்பாவுக்கு இந்த இரண்டு பெயர்களும் தெரிந்திருக்குமோ என்பது சந்தேகம். அவருடைய காது அங்கே ஒரு காந்தாரத்தைக் கேட்டது, அவர் வாசித்தார். எனக்கோ பெயர் தெரிந்தது. பெயருக்குள் அடங்காததைக் கேட்க என் காது மறுத்துவிட்டது. நினைவில் அந்தச் சுரம் இருந்தும், இலக்கணப்படி அது இருக்கமுடியாது என்று தள்ளிவைத்திருக்கிறேன். செய்தி ஆசிரியர் சொன்ன 'உறுதிப்படுத்தல்' இசையிலும் வேண்டியதுதான். ஆனால், இங்கே உறுதிப்படுத்த வேண்டியது புத்தகத்தோடு அல்ல, இன்னொரு காதோடு.

இங்கேதான் இந்த விடயம் என் சொந்த விடயமாக இல்லாமல் போகிறது. உலகெங்கும் பரந்திருக்கும் நம்மவர்களின் வாழ்க்கையைப் பாருங்கள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளைச் சங்கீத வகுப்புக்கு ஏற்றிக்கொண்டு போய், வெளியே வாகனத்துக்குள் காத்திருந்து, ஏற்றிக்கொண்டு வருகிறார்கள் பெற்றோர். அரங்கேற்றத்துக்கு மண்டபம் எடுத்து, ஊரைக் கூட்டி, பெருந்தொகை செலவிடுகிறார்கள். வாகனத்துக்குள் காத்திருக்கும் அந்தத் தகப்பனுக்கும் தாய்க்கும் தெரிந்த மெட்டுகள் எந்த வகுப்பிலும் இல்லை. பாட்டுத் தெரிந்த தலைமுறை வாத்தியம் பழகுவதில்லை. வாத்தியம் பழகும் தலைமுறைக்கு அந்தப் பாட்டுகள் தெரியாது. அண்ணாவிமார் பழக்கிய கூத்து மெட்டுகள், தாய்மார் தொட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்த தாலாட்டுகள், அரிவு வெட்டில் பாடியவை, செத்தவீட்டில் அழுதவை என்று எழுதாமல் போனவை எத்தனை! கூத்துகளுக்கு ஏட்டுப்பிரதிகள் இருக்கின்றன, சில அச்சேறியும் இருக்கின்றன. சொற்கள் தப்பிவிட்டன. மெட்டு ஏட்டில் இல்லை. அது எழுபது எண்பது வயதுக்காரர்களின் தொண்டையில் மாத்திரம் இருக்கிறது. பேராசிரியர்களும் ஆர்வலர்களும் சேகரித்தவை சேகரித்தவைதான். ஆனால், ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் இருக்கும் ஒரு மெட்டுக்காக எந்த ஆய்வாளரும் வந்து கதவைத் தட்டப்போவதில்லை.

கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்தால் போதாதா என்று கேட்கலாம். முதலில் அதைச் செய்யுங்கள், இன்றே செய்யுங்கள். ஆனால், ஒலிப்பதிவு ஒரு மெட்டைப் பாதுகாக்கும், வாழவைக்காது. என்னிடம் எந்த ஒலிப்பதிவும் இல்லாத இருபத்தேழு வருடங்கள் அந்த மெட்டின் பாதியாவது உயிரோடு இருந்ததற்குக் காரணம், அது எங்கள் காதுகளுக்குள் இருந்ததுதான். காதிலிருந்து இன்னொருவரின் விரலுக்குப் போனால்தான் அது அடுத்த வாசலைத் தாண்டும். அதற்கு ஒரு வாத்தியமும் நாளுக்கு இருபது நிமிடமும் போதும்.

ஆகவே, ஐம்பது, அறுபது கடந்த நண்பர்களே, "இனி என்னத்துக்கு" என்று கேட்கவேண்டாம். பிள்ளைகள் வளர்ந்து போனபின் வீட்டு மூலையில் தூசி படிந்து கிடக்கும் அந்தக் கீபோர்டைத் துடைத்து எடுங்கள். மேடையேறுவதற்கு அல்ல, சான்றிதழுக்கும் அல்ல. உங்களுக்கு மாத்திரம் தெரிந்த ஒரு மெட்டு இருக்கும். அதன் முதல் மூன்று சுரங்களை இன்றிரவு தேடுங்கள். மீதி நினைவில்லாவிட்டால் யாருக்குத் தொலைபேசி எடுக்கவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அக்காவின் பேத்தி வயலின் பழகுகிறாள். நான் வாசித்து அனுப்பியதைக் கேட்டு, இரண்டு நாளில் வாசித்துப் பதில் அனுப்பியிருந்தாள். என் கீபோர்டால் முடியாத அந்தக் காந்தாரத்தின் அசைவு அவளுடைய வில்லில் தானாகவே வந்திருந்தது. கீழே ஒரு கேள்வி எழுதியிருந்தாள்: இந்தப் பாட்டுக்குப் பெயர் என்ன? அதற்குப் பெயர் இருந்ததில்லை. 'விடியப்புறப் பாட்டு' என்று எழுதி அனுப்பினேன்.